விசையுந்து மின்னேற்ற அமைப்பின் பழுதறிதல்

விசையுந்து மின்னேற்ற அமைப்பின் பழுதறிதல் என்பது, மோட்டார் சைக்கிளில் பேட்டரிக்கு மின்னேற்றும் அமைப்பில் குறை எங்குள்ளது என்பதை அளவீடுகளின் துணையுடன் படிப்படியாகக் கண்டறியும் முறை ஆகும். மின்னாக்கி, ஆர்.ஆர். அலகு, பேட்டரி, இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகிய நான்கும் இவ்வமைப்பின் உறுப்புகள் ஆகும். இவற்றுள் எது பழுதடைந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே: பேட்டரி இறங்கிவிடுகின்றது, வண்டி செல்ஃப் எடுப்பதில்லை. ஆகவே அறிகுறியை மட்டும் கொண்டு ஓர் உறுப்பை மாற்றுவது ஊகமாகவே அமையும். புதிய பேட்டரி பொருத்தினால் வண்டி சில நாட்கள் நன்றாக ஓடும். மின்னேற்றம் நடைபெறாத வண்டியில் அந்தப் புதிய பேட்டரியும் விரைவில் இறங்கிவிடும். பேட்டரியின் இறக்கம் பழுதின் காரணமா, விளைவா என்பதைப் பிரித்தறிவதே இம்முறையின் முதன்மை நோக்கம் ஆகும்.

இக்கட்டுரை, இன்று பெரும்பாலான விசையுந்துகளில் உள்ள நிலைக்காந்த மின்னாக்கியையும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியையும் கொண்ட அமைப்பை முதன்மையாக விளக்குகின்றது. பிற வகைகள் இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

முக்கியத்துவம்

முற்காலத்து விசையுந்துகளில் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து நேரடியாகக் கிடைத்தது. பேட்டரி முற்றிலும் இறங்கினாலும் வண்டியை உதைத்து இயக்க முடிந்தது. ஒலிப்பானும் இண்டிகேட்டரும் மட்டுமே செயலிழந்தன. இன்றைய நிலை வேறு. எரிபொருள் உட்செலுத்து முறையில் இயங்கும் வண்டியில் எரிபொருள் பம்பு, உட்செலுத்தி, மின்னணுக் கட்டுப்பாட்டகம், தீப்பொறிச் சுருள் ஆகிய அனைத்திற்கும் மின்சாரம் தேவை. மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் பொறியே நின்றுவிடும்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் பொறி இயங்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, சிறிய வண்டிகளிலும் எரிபொருள் உட்செலுத்து முறை பரவலானது. இவ்விரு மாற்றங்களாலும் மின்னேற்ற அமைப்பின் மீதான சுமையும், அது பழுதடைந்தால் ஏற்படும் இடரும் கூடின.

மின்னேற்றம் முழுவதுமாக நின்றுபோன வண்டி எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். முகப்பு விளக்கு 35 வாட், பின்விளக்கு 5 வாட், எரிபொருள் பம்பும் தீப்பொறி அமைப்பும் சேர்ந்து 35 வாட் எனக் கொண்டால் மொத்தச் சுமை 75 வாட் ஆகும். 12 வோல்ட்டில் இது 6.25 ஆம்பியர். 8 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி இச்சுமையை ஏறத்தாழ 77 நிமிடங்கள் தாங்க வேண்டும். எனினும், வேகமாக மின்னிறங்கும்போது பேட்டரியின் முழுக் கொள்ளளவும் கிடைப்பதில்லை. பேட்டரி காலியாவதற்கு முன்பே மின்னழுத்தக் குறைவால் பொறி நின்றுவிடும். எனவே உண்மையான நேரம் இதைவிடக் குறைவு. பகலில் ஒரு முறை செல்ஃப் எடுக்கத் தயங்கிய வண்டி, அன்று இரவே நெடுஞ்சாலையில் விளக்கின்றி நின்றுவிடக் கூடும்.

அமைப்பும் செயற்பாடும்

மின்னாக்கி

மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின்னாக்கியின் அடிப்படை ஆகும். பொறியின் வணரித் தண்டின் முனையில், உட்புறம் காந்தங்கள் பதிக்கப்பட்ட கிண்ணம் போன்ற சுழலி பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே, இரும்புத் தகடுகளின் மீது செப்புக்கம்பி சுற்றப்பட்ட நிலையி அசையாமல் நிற்கும். நிலையியைப் பட்டறைகளில் ஸ்டேட்டர், காயில் பிளேட் எனவும், சுழலியை மேக்னெட் எனவும் அழைப்பர். சுழலி சுழலும்போது சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகின்றது. மும்முனை மின்னாக்கியிலிருந்து மூன்று கம்பிகள் வெளிவரும்; பல வண்டிகளில் இவை மூன்றும் ஒரே நிறத்தில், குறிப்பாக மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில், இருக்கும்.

நிலைக்காந்த மின்னாக்கியின் மின்னழுத்தம் பொறியின் வேகத்துடன் ஏறத்தாழ நேர்விகிதத்தில் உயரும். காந்தத்தின் வலிமையை வண்டி ஓடும்போது கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆகவே உற்பத்தியான பின்னரே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.

ஆர்.ஆர். அலகு

அலைதிருத்தி, மின்னழுத்தக் கட்டுப்படுத்தி ஆகிய இரண்டும் ஒரே கூட்டினுள் அமைந்த உறுப்பே பட்டறைகளில் ஆர்.ஆர். யூனிட் எனப்படுகின்றது. வெப்பத்தை வெளியேற்றுவதற்காக இதன் அலுமினியக் கூட்டில் துடுப்பு போன்ற தகடுகள் இருக்கும்.

இதன் முதற்பணி, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுவது ஆகும். மும்முனை அமைப்பில் ஆறு டையோடுகள் இதனைச் செய்கின்றன. இரண்டாவது பணி, மின்னழுத்தத்தை ஏறத்தாழ 14.5 வோல்ட்டுக்கு மேல் செல்லாமல் காப்பது. பரவலாகப் பயன்படும் இணைத்தட வகையில், மின்னழுத்தம் எல்லையைத் தாண்டியதும் தைரிஸ்டர்கள் மின்னாக்கியின் கம்பிகளைக் குறுக்கிணைப்புச் செய்கின்றன. மிகையான மின்னோட்டம் பேட்டரிக்குச் செல்லாமல் சுருளுக்கே திரும்பிவிடும்.

இதிலிருந்து, பலரும் எதிர்பாராத ஒரு விளைவு தோன்றுகின்றது. இணைத்தட வகைக் கட்டுப்படுத்தி உள்ள வண்டியில் விளக்குகளை அணைத்தாலும் நிலையியின் சுமை குறைவதில்லை. பயன்படாத மின்னோட்டம் குறுக்கிணைப்பு வழியே ஓடிக்கொண்டே இருப்பதால், வேகமாக ஓடும் வண்டியில் சுருள்கள் எப்போதும் சூடாகவே இருக்கும். தொடர்தட வகைக் கட்டுப்படுத்தி இதற்கு மாறாகச் சுற்றைத் திறந்துவிடுகின்றது. அதனால் சுருளில் மின்னோட்டமும் வெப்பமும் குறைகின்றன.

பேட்டரி

ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுதும் மின்னேறிய ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12.6 வோல்ட். பேட்டரிக்குள் மின்னோட்டம் செல்ல வேண்டுமானால் வெளியிலிருந்து தரப்படும் மின்னழுத்தம் இதைவிட உயர்வாக இருத்தல் வேண்டும். மின்னேற்ற மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

நெடுநாள் இறங்கிய நிலையில் விடப்படும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கடினமாகப் படிந்துவிடும். அதன் பின்னர் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. மின்னேற்றப் பழுது நல்ல பேட்டரியைக் கெடுப்பது இவ்வழியே ஆகும்.

அறிகுறிகள்

மின்னேற்றம் குறைவதன் அறிகுறிகள்:

- செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது பொறி மெதுவாகச் சுழலுதல், அல்லது டிக் டிக் என்ற ஒலி மட்டும் வருதல்
- இண்டிகேட்டர் மெதுவாக விட்டுவிட்டு எரிதல், ஒலிப்பானின் ஒலி மங்குதல்
- எண்முறைக் காட்சிப்பலகை அழிந்து மீண்டும் தோன்றுதல்
- வண்டியைத் தள்ளி இயக்கினால் பொறி இயங்கி, சிறிது நேரத்தில் நின்றுவிடுதல்

மின்னேற்றம் மிகுவதன் அறிகுறிகள்:

- விளக்குகள் அடிக்கடி எரிந்துபோதல்
- பேட்டரி நீர் விரைவாக வற்றுதல், அடைக்கப்பட்ட பேட்டரியின் பக்கங்கள் உப்புதல்
- அழுகிய முட்டையின் நாற்றம் வீசுதல்

பழைய என்ஃபீல்டு புல்லட் வண்டிகளில் முகப்பு விளக்கின் கூட்டில் ஓர் ஆம்பியர்மானி பொருத்தப்பட்டிருந்தது. மின்னோட்டம் பேட்டரிக்குள் செல்கின்றதா, வெளியேறுகின்றதா என்பதை அதன் முள் ஓட்டுநருக்குக் காட்டியது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் அத்தகைய காட்டி இல்லாததால், மேற்கண்ட அறிகுறிகள் தென்பட்ட பின்னரே மின்னளவியைக் கொண்டு சோதிக்க நேரிடுகின்றது.

தேவையான கருவிகள்

எண்முறை மல்டிமீட்டர் ஒன்றே இச்சோதனைகளுக்குப் போதுமானது. அதில் நேர்த்திசை மின்னழுத்தம், மாறுதிசை மின்னழுத்தம், மின்தடை, டையோடு, 10 ஆம்பியர் மின்னோட்டம் ஆகிய அளவைகள் இருத்தல் வேண்டும். மூடி திறக்கக்கூடிய பேட்டரியாயின் அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர் உதவும். அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் தரப்பட்டுள்ள அளவுகளே இறுதியானவை. இக்கட்டுரையில் உள்ளவை பொதுவான வழிகாட்டு அளவுகள் ஆகும்.

பழுதறியும் படிகள்

கீழ்க்காணும் படிகளின் வரிசை முக்கியமானது. ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக உள்ளது என்ற அடிப்படையில் அமைந்துள்ளது.

படி 1: பேட்டரியைச் சோதித்தல்

முதலில் முனைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகு, வெண்பச்சை நிறப் படிவு ஆகியவை இருப்பின் அவற்றைச் சரிசெய்த பின்னரே அளவிட வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரி முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஓட்டி முடித்த உடனே அளந்தால், தகடுகளின் மேற்பரப்பு மின்னேற்றம் காரணமாக அளவு உயர்வாகத் தெரியும்.

- 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: முழு மின்னேற்றம்
- 12.4 வோல்ட்: ஏறத்தாழ முக்கால் பங்கு
- 12.2 வோல்ட்: ஏறத்தாழ அரைப் பங்கு
- 12.0 வோல்ட்: ஏறத்தாழ கால் பங்கு
- 11.8 வோல்ட்டுக்குக் கீழ்: இறங்கிய நிலை

பேட்டரி இறங்கியிருந்தால் வெளி மின்னேற்றியைக் கொண்டு முழுமையாக மின்னேற்றிய பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும். இறங்கிய பேட்டரி மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடும்; நல்ல மின்னாக்கியும் பழுதானது போலத் தோன்றும்.

அடுத்தது சுமைச் சோதனை. மல்டிமீட்டரைப் பேட்டரியில் இணைத்தபடியே செல்ஃப் பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல பேட்டரியின் மின்னழுத்தம் அப்போது 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, பொத்தானை அழுத்தியதும் 7 அல்லது 8 வோல்ட்டுக்குச் சரிந்தால் அது கொள்ளளவை இழந்துவிட்டது எனக் கொள்ளலாம். முழுமையாக மின்னேற்றிய பின்னரும் ஓய்வு மின்னழுத்தம் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் ஆறு கலங்களில் ஒன்று செயலிழந்திருக்கும்.

படி 2: மின்னேற்ற மின்னழுத்தத்தை அளத்தல்

பொறியை இயக்கிச் சற்றுச் சூடேறவிட்டு, முகப்பு விளக்கு எரியும் நிலையில், பேட்டரி முனைகளில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஐடிலிங் எனப்படும் வெற்றோட்டத்தில் 13 வோல்ட் அளவிலும், நிமிடத்திற்கு 4000 முதல் 5000 சுற்றுகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருந்தால் அமைப்பு பொதுவாகச் சரியாக உள்ளது எனலாம்.

- வேகம் கூட்டியும் மின்னழுத்தம் 13 வோல்ட்டைத் தாண்டாமல், சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போனால் மின்னேற்றம் நடைபெறவில்லை.
- 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னேற்றம் மிகுகின்றது. இந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது.
- மின்னழுத்தம் சரியாக இருந்தும் பேட்டரி இரவில் இறங்குமாயின், படி 6-க்குச் செல்ல வேண்டும்.

வெற்றோட்டத்தில் மட்டும் மின்னழுத்தம் சற்றுக் குறைவது பழுது ஆகாது. குறைந்த வேகத்தில் மின்னாக்கியின் ஆற்றல் விளக்குகளின் தேவைக்குப் போதாமல் இருக்கலாம். நெரிசலில் குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியின் பேட்டரி, எந்த உறுப்பும் பழுதடையாமலேயே இறங்குவதுண்டு.

படி 3: கம்பிகளையும் இணைப்புகளையும் சோதித்தல்

மின்னேற்ற அளவு தவறாக இருப்பின், உறுப்புகளைக் குறைகூறும் முன் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். நிலையிக்கும் ஆர்.ஆர். அலகுக்கும் இடையிலுள்ள, பட்டறைகளில் கப்ளர் எனப்படும் இணைப்பானில் மழைநீர் புகுந்து துரு ஏறுவது பொதுவானது. கருகிய அல்லது உருகிய நெகிழி இங்கே காணப்பட்டால் அதுவே முதல் தடயம் ஆகும். முதன்மை உருகியையும் அதன் பிடிப்பானையும் பார்க்க வேண்டும்.

இணைப்பின் மின்தடையை ஓம் அளவையில் அளப்பது பயனற்றது. எடுத்துக்காட்டாக, ஓர் இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் இவ்வளவு சிறிய அளவை அதன் கம்பிகளின் மின்தடையிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் 10 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்போது அவ்விணைப்பில் 1 வோல்ட் இழக்கப்படுகின்றது. 10 வாட் ஆற்றல் வெப்பமாக மாறி நெகிழியை உருக்குகின்றது. ஆர்.ஆர். அலகு 14.2 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 13.2 வோல்ட் மட்டுமே.

எனவே மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பதே சரியான முறை. பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 4000 சுற்றுகளில் இயங்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆர்.ஆர். அலகின் நேர்முனைக் கம்பியிலும், மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். அளவு 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அப்பாதையில் குறை உள்ளது. இதேபோல் ஆர்.ஆர். அலகின் எதிர்முனைக் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலும் அளக்க வேண்டும். பட்டறைகளில் எர்த் எனப்படும் சட்டகத் தொடுப்பின் குறைகள் இவ்வாறே வெளிப்படும்.

சில வண்டிகளில் ஆர்.ஆர். அலகு தனியொரு மெல்லிய கம்பி வழியே பேட்டரியின் மின்னழுத்தத்தை உணர்கின்றது. அக்கம்பியின் பாதையில் மின்தடை கூடினால், மின்னழுத்தம் குறைவாக உள்ளதெனத் தவறாக உணர்ந்து ஆர்.ஆர். அலகு மிகையாக மின்னேற்றும். அதாவது, துருவேறிய ஓர் இணைப்பு மின்னேற்றக் குறைவை மட்டுமன்றி மின்னேற்ற மிகுதியையும் உண்டாக்கக் கூடும்.

படி 4: நிலையியைச் சோதித்தல்

பொறியை நிறுத்தி, நிலையியின் கப்ளரைக் கழற்றிவிட்டு, பொறியின் பக்கம் உள்ள மூன்று கம்பிகளில் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது, சட்டகத் தொடுப்புச் சோதனை. ஒவ்வொரு கம்பிக்கும் பொறியின் உலோகப் பகுதிக்கும் இடையே மின்தடை முடிவிலியாக இருத்தல் வேண்டும். தொடர்ச்சி காட்டினால் சுருளின் காப்புப் பூச்சு எரிந்து, கம்பி இரும்பைத் தொடுகின்றது எனப் பொருள். சுருளின் ஒரு முனை சட்டகத்துடன் இணைக்கப்பட்டே வரும் சில சிறிய வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது.

இரண்டாவது, சுருள்களின் மின்தடை. மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் இடையே பொதுவாக 0.2 முதல் 1 ஓம் வரை இருக்கும். மல்டிமீட்டரின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுக் கிடைக்கும் அளவை இதிலிருந்து கழிக்க வேண்டும். மூன்று அளவுகளும் சமமாக இருப்பதே இங்கு முக்கியம். விண்மீன் வடிவில் இணைக்கப்பட்ட சுருள்களில் ஒன்று அறுந்தால், அக்கம்பி இடம்பெறும் இரண்டு இணைகளும் முடிவிலியைக் காட்டும். மூன்றாவது இணை சரியாக இருக்கும்.

மூன்றாவது, மாறுதிசை மின்னழுத்தம். கப்ளர் கழன்ற நிலையிலேயே பொறியை இயக்கி, மாறுதிசை அளவையில் மூன்று இணைகளையும் அளக்க வேண்டும். பல வண்டிகளில் நிமிடத்திற்கு 5000 சுற்றுகளில் ஒவ்வோர் இணையும் 50 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மூன்றும் சமமாக இருந்து, வேகத்துடன் சீராக உயர்ந்தால் நிலையி நன்றாக உள்ளது. ஓர் இணை மட்டும் குறைந்தால் அச்சுருளின் சில சுற்றுகள் தமக்குள் குறுக்கிணைந்துள்ளன. ஓம் அளவையில் தெரியாத இக்குறை இங்கே வெளிப்படுகின்றது. மூன்றும் சமமாகவே குறைந்திருந்தால் சுழலியின் காந்தங்களை ஐயுற வேண்டும். ஆயினும் இது அரிது.

குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறிய பின் மட்டும் தவறும் நிலையிகளும் உள்ளன. ஐயம் இருப்பின் வண்டியை அரைமணி நேரம் ஓட்டிய பின்னர் இச்சோதனைகளை மீண்டும் செய்தல் நன்று.

படி 5: ஆர்.ஆர். அலகை நீக்கல் முறையில் முடிவுசெய்தல்

மல்டிமீட்டரின் டையோடு அளவையைக் கொண்டு அலைதிருத்திப் பகுதியைச் சோதிக்கலாம். பல அலகுகளில் ஒவ்வொரு டையோடும் ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டி, எதிர்த்திசையில் எதுவும் காட்டாமல் இருத்தல் வேண்டும். இரு திசைகளிலும் பூச்சியம் காட்டினால் அது குறுக்கிணைந்துவிட்டது; இரு திசைகளிலும் எதுவும் காட்டாவிட்டால் அது அறுந்துவிட்டது. உட்சுற்று மாறுபடும் அலகுகளில் கையேட்டின் அட்டவணையையே பின்பற்ற வேண்டும்.

ஆனால் கட்டுப்படுத்திப் பகுதியை மல்டிமீட்டரால் நேரடியாகச் சோதிக்க இயலாது. அது செயற்படுவது பொறி இயங்கும்போது மட்டுமே. எனவே டையோடுகள் சரியாக இருப்பதைக் கொண்டு ஆர்.ஆர். அலகு முழுவதும் நன்றாக உள்ளது எனக் கூற முடியாது. பேட்டரி, இணைப்புகள், நிலையி ஆகிய மூன்றும் சரியென உறுதியான பின்னரும் மின்னேற்ற அளவு தவறாக இருந்தால், எஞ்சியிருப்பது ஆர்.ஆர். அலகே. முந்தைய படிகளைத் தாண்டி வந்து இவ்வலகை மாற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

படி 6: நிறுத்திய நிலையில் மின்கசிவை அளத்தல்

மின்னேற்றம் சரியாக இருந்தும், வண்டி நிற்கும்போது பேட்டரி இறங்கலாம். சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவையில் தொடராக இணைக்க வேண்டும். அப்போது சாவியைத் திருப்பவோ செல்ஃப் பொத்தானை அழுத்தவோ கூடாது; மல்டிமீட்டரின் உருகி எரிந்துவிடும்.

கடிகாரமும் கட்டுப்பாட்டகமும் சில மில்லியாம்பியர் வரை எடுப்பது இயல்பு. 1 மில்லியாம்பியர் கசிவால் ஒரு மாதத்தில் 0.72 ஆம்பியர்-மணி மட்டுமே இழக்கப்படும். கசிவு 50 மில்லியாம்பியர் எனில் ஒரே நாளில் 1.2 ஆம்பியர்-மணி இழக்கப்படும். 8 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாட்களுக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும். கசிவு மிகுதியாக இருந்தால் உருகிகளையும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது அளவு குறைகின்றது எனப் பார்க்க வேண்டும். ஆர்.ஆர். அலகின் கப்ளரைக் கழற்றியதும் கசிவு நின்றால் அதிலுள்ள டையோடு ஒன்று குறுக்கிணைந்திருக்கலாம். பின்னர் பொருத்தப்பட்ட எச்சரிக்கை மணி, கைபேசி மின்னேற்றி, கூடுதல் விளக்கு ஆகியவையும் கசிவுக்குக் காரணமாகலாம்.

எடுத்துக்காட்டு

ஒரு வண்டியின் பேட்டரி அடிக்கடி இறங்குவதாகக் கொள்வோம். முழுமையாக மின்னேற்றிய பின் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட்டும், செல்ஃப் எடுக்கும்போது 10.4 வோல்ட்டும் காட்டுகின்றது. எனவே பேட்டரி சரி. 5000 சுற்றுகளில் பேட்டரி முனையில் 13.0 வோல்ட் மட்டுமே உள்ளது. ஆகவே மின்னேற்றம் போதவில்லை. இந்த இடத்தில் நிலையியையோ ஆர்.ஆர். அலகையோ மாற்றத் தோன்றும். ஆனால் மின்னழுத்த வீழ்ச்சியை அளந்தால் நேர்முனைப் பாதையில் 0.1 வோல்ட்டும், எதிர்முனைப் பாதையில் 1.1 வோல்ட்டும் காணப்படுகின்றன. சட்டகத் தொடுப்புத் திருகைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மீண்டும் இறுக்கியதும் பேட்டரி முனையில் 14.1 வோல்ட் கிடைக்கின்றது. பழுது ஒரு திருகில் இருந்தது. எந்த உறுப்பையும் மாற்றத் தேவையில்லை.

மீண்டும் மீண்டும் பழுதடைதல்

புதிதாக மாற்றிய உறுப்பு சில மாதங்களில் மீண்டும் எரிவது, முதற்காரணம் நீக்கப்படவில்லை என்பதைக் காட்டுகின்றது. கருகிய கப்ளரை அப்படியே விட்டுப் புதிய ஆர்.ஆர். அலகைப் பொருத்தினால், அதே இணைப்பு மீண்டும் சூடாகும். குறுக்கிணைந்த டையோடு கொண்ட ஆர்.ஆர். அலகை விட்டுவிட்டு நிலையியை மட்டும் மாற்றினால், புதிய சுருளும் மிகை மின்னோட்டத்தால் எரியக் கூடும். கொள்ளளவை இழந்த பேட்டரியும் மின்னேற்ற அமைப்பின் சுமையைத் தொடர்ந்து கூட்டுகின்றது. ஆகவே ஓர் உறுப்பை மாற்றிய பின்னரும் படி 1 முதல் படி 3 வரை மீண்டும் அளந்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆர்.ஆர். அலகு காற்றுப்படும் இடத்தில், உலோகப் பரப்புடன் நன்கு ஒட்டிப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். அதன் துடுப்புகளைச் சேறு மூடினால் வெப்பம் வெளியேறாமல் ஆயுள் குறையும்.

பிற வகை அமைப்புகள்

- பாதியலை அமைப்பு: பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் ஒருமுனை மின்னாக்கி இருந்தது. முகப்பு விளக்கு மாறுதிசை மின்னோட்டத்தில் நேரடியாக எரிந்தது. வேகம் கூடும்போது அதன் ஒளியும் கூடியது. இத்தகைய வண்டிகளில் முகப்பு விளக்கு மங்குவது பேட்டரியின் குறையைக் காட்டாது.
- புலச்சுருள் அமைப்பு: 1969 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750, அதே காலத்தில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் காற்றுக்குளிர்வு பாக்ஸர் வண்டிகள் ஆகியவற்றில் நிலைக்காந்தத்திற்கு மாற்றாக மின்காந்தம் பயன்பட்டது. இவற்றில் புலச்சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மாற்றுவதன் மூலம் உற்பத்தி கட்டுப்படுத்தப்படுகின்றது. எனவே புலச்சுருளையும், தூரிகைகள் இருப்பின் அவற்றையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.
- லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்டு பேட்டரி: நான்கு கலங்கள் கொண்ட இதன் ஓய்வு மின்னழுத்தம் 13.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஈய-அமில பேட்டரிக்கான ஓய்வு அளவுகள் இதற்குப் பொருந்தா. 12.6 வோல்ட் காட்டும் லித்தியம் பேட்டரி ஏறத்தாழ முழுதும் இறங்கிய நிலையில் உள்ளது.

பாதுகாப்பு

- மின்னேறும் ஈய-அமில பேட்டரியிலிருந்து ஐதரசன் வளிமம் வெளிவரும். அருகில் தீயோ தீப்பொறியோ கூடாது. பேட்டரியின் முனைகளைக் கம்பியால் உரசித் தீப்பொறி பார்த்துச் சோதிக்கும் பழக்கம் பேட்டரியை வெடிக்கச் செய்யலாம்.
- பொறி இயங்கும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்கின்றதா எனப் பார்க்கும் முறையைத் தவிர்க்க வேண்டும். பேட்டரி இல்லாத நிலையில் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து மின்னணுக் கட்டுப்பாட்டகம் சேதமடையக் கூடும்.
- பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது இறுதியிலும் கையாள வேண்டும்.
- நிலையியின் கம்பிகளை அளக்கும்போது மின்னதிர்ச்சி தரும் அளவு மின்னழுத்தம் இருக்கும். வெற்றுக் கம்பியைத் தொடக் கூடாது.
- பேட்டரி அமிலம் தோலில் பட்டால் நிறைய நீரால் கழுவ வேண்டும்; கண்ணில் பட்டால் உடனே கழுவி மருத்துவரை அணுக வேண்டும். குறைந்த அளவை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். அமிலத்தையோ குழாய் நீரையோ ஊற்றக் கூடாது.
- மூடிய அறையில் பொறியை இயக்கிச் சோதித்தல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம் ஆகும்.